தேக்கு, புளி, பனை எல்லாம் சேர்த்து ஒரே விலைக்குக் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

செம்மண்பூமி (அறந்தாங்கி)

எல்லோருக்கும் வணக்கம். அறந்தாங்கிப் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் இருக்கிறது. கிழக்கு வரப்பில் தாத்தா வைத்த தேக்கு 14 நிற்கிறது, முப்பது வயது இருக்கும். கிணற்று மேட்டில் இரண்டு புளி, மேல்வரப்பில் ஏழு பனை.

போன மாதம் அப்பா வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. கடன் வாங்கித்தான் அறுவை சிகிச்சை செய்தோம். கேள்விப்பட்டு நேற்று ஒரு மர வியாபாரி வந்தார். தோட்டத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு, "எல்லாம் சேர்த்து ஒன்று இருபது. நாளைக்கே ஆள் விடுகிறேன்" என்று இருபதாயிரத்தை எடுத்து நீட்டினார். வாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

ரூ. 1,20,000 சரியான விலையா? அனுமதி ஏதும் வேண்டுமா? பட்டா நிலத்துக்கு ஒன்றும் தேவையில்லை, எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார்.

பேராவூரணி_தென்னை

முன்பணம் வாங்காமல் விட்டீர்களே, அதுவே பாதி வெற்றி தம்பி. வாங்கியிருந்தால் விலை முடிந்தது என்று அர்த்தம்.

என் கதையைச் சொல்கிறேன். எட்டு வருடத்துக்கு முன் பதினோரு தேக்கை இப்படித்தான் மொத்தமாகப் பேசினேன். பாதிப் பணம் கொடுத்தார், மீதி கடைசி வண்டி ஏறும்போது என்றார். முதல் இரண்டு நாளில் பருமனான ஆறு மரத்தை வெட்டி ஏற்றினார்கள். மூன்றாம் நாள் ஆளும் வரவில்லை, வண்டியும் வரவில்லை. நின்ற ஐந்தும் கோணலும் மாணலுமாக இருந்தவை. அவரைத் தேடிப் போனால், "நான் கொடுத்த பணத்துக்கு மரம் எடுத்துக்கொண்டேன், மீதி மரம் உங்களுடையதுதானே" என்றார். பேச்சு வாயோடு இருந்ததால் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

மரவாடிக்காரர்

இருபத்தெட்டு வருடம் மரவாடியில், அதாவது மரம் விற்கும் கிடங்கில், அளவு எழுதியவன் நான். மொத்த விலை என்பது வியாபாரியின் கண்ணுக்கும் உங்கள் அவசரத்துக்கும் நடக்கிற பேரம். அவர் கண் பழகின கண். மரத்தைப் பார்த்ததுமே எத்தனை கன அடி தேறும் என்று மனதுக்குள் எழுதியிருப்பார். உங்களுக்கு அந்தக் கணக்கு தெரியாது. முதலில் நீங்கள் அளக்க வேண்டும். தையல்காரர் டேப்பும் பத்தடி மூங்கில் ஒன்றும் போதும்.

உருட்டுக் கட்டைக்கு எங்கள் கணக்கு இது: சுற்றளவை அங்குலத்தில் எடுத்து, அதை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தை அடியில் பெருக்கி, 2304ஆல் வகுக்க வேண்டும். வருவது கன அடி. நடுச்சுற்று 44 அங்குலம், நீளம் 16 அடி என்றால் 13.44 கன அடி.

இப்போது அளவு எங்கே நழுவும் என்று பாருங்கள். டேப்பைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்து 42 என்று வாசித்தால் 12.25. இரண்டே அங்குலத்தில் ஒரு கன அடிக்கு மேல் போய்விட்டது. சுற்றளவு இரண்டு தடவை பெருக்கப்படுவதால் சின்னப் பிழையும் பெரிதாகும். இன்னொன்று, எங்கே அளக்கிறார்கள் என்பது. அதே கட்டைக்கு அடிப்பக்கம் 52, நுனிப்பக்கம் 36 இருக்கும். நுனியில் டேப் வைத்தால் சரியாக 9 கன அடிதான் வரும். 13.44 எங்கே, 9 எங்கே? அளப்பது நடுவில்தான் என்று விலை பேசும்போதே சொல்லிவிடுங்கள். பட்டையோடு அளப்பதா, உரித்த பிறகா என்பதையும் அப்போதே பேசிக்கொள்ளுங்கள்.

இந்த 2304 கணக்கே கட்டையின் முழுக் கன அளவைத் தராது. உண்மையான உருளைக் கணக்குக்கு 1810ஆல் வகுக்க வேண்டும். அதன்படி அந்தக் கட்டை 17 கன அடியைத் தாண்டும். சதுரமாக அறுக்கும்போது போகிற சிராய், பலகைக் கழிவு எல்லாம் வாங்குகிறவர் பக்கம் என்று பழைய காலத்திலேயே ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் விட்டுக் கொடுத்துத்தான் இந்தக் கணக்கு வந்தது. ஆகவே "அறுவைக் கழிவு போகும்" என்று மறுபடியும் குறைக்க வந்தால் ஒத்துக்கொள்ள வேண்டாம். அது ஏற்கெனவே கழிந்துவிட்டது.

செம்மண்பூமி

ஐயா, மிக்க நன்றி. நிற்கிற மரத்தின் நடுச்சுற்றை எப்படி எடுப்பது? ஏணி வேண்டுமா?

மரவாடிக்காரர்

பத்தடி மூங்கிலை மரத்தோடு ஒட்டி நிறுத்துங்கள். முதல் பெரிய கவை எங்கே பிரிகிறது என்று அதை வைத்து மதிப்பிடலாம். அதுவரைதான் நல்ல கட்டை. மார்பு உயரத்தில் ஒரு சுற்றளவு, ஏணி போட்டு எட்டடி உயரத்தில் ஒரு சுற்றளவு எடுத்தால் நடுச்சுற்று கிட்டத்தட்ட பிடிபடும். ஒவ்வொரு மரத்துக்கும் சுண்ணாம்பில் எண் போட்டு நோட்டில் எழுதுங்கள். கோடாலியின் பின்பக்கத்தால் அடிமரத்தைச் சுற்றித் தட்டிக் கேளுங்கள். வைரம் பாய்ந்த மரம் கணீரென்று கை அதிரும்படி சொல்லும். பொந்து விழுந்திருந்தால் பானையைத் தட்டுவது போல் ஒலிக்கும். அப்படி இருந்தால் மறைக்காமல் வியாபாரியிடம் சொல்லிவிடுங்கள். அவருக்கும் நட்டம் வரக் கூடாது. அறுத்துப் பார்க்கும் வரை உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, அந்தப் பயத்தில்தான் பலர் விலையைக் குறைத்துக் கேட்கிறார்கள்.

கணக்குப்பிள்ளை (மதுரை)

பட்டா யார் பெயரில்?

செம்மண்பூமி

இன்னும் தாத்தா பெயரில்தான். வாரிசுகள் அப்பாவும் இரண்டு அத்தைகளும். நிலத்தை அப்பாதான் பார்த்துக்கொள்கிறார்.

கணக்குப்பிள்ளை

அப்படியென்றால் விலையைப் பிறகு பேசலாம். அத்தைகள் இருவரின் சம்மதமும் எழுத்தில் வேண்டும். மரம் தாத்தா நிலத்தில் நிற்பது, அவர்களுக்கும் அதில் பங்கு உண்டு. மரம் விற்ற தகராறில் பத்து வருடம் பேசாமல் இருக்கிற அண்ணன் தங்கையை நான் பார்த்திருக்கிறேன். பணம் பெரிதில்லை, "என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே" என்பதுதான் மனதில் நிற்கும்.

வெட்டி எடுத்துப் போவதற்காக விற்கும் மரத்தைச் சட்டம் அசையாச் சொத்தாகப் பார்ப்பதில்லை. அதனால் பதிவு அலுவலகத்துக்குப் போக வேண்டியதில்லை, எழுத்து ஒப்பந்தம் போதும். வரி பற்றி யாராவது கேட்பார்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். நட்டு, தண்ணீர் விட்டு வளர்த்த மரத்தின் வருமானம் வேளாண் வருமானம், தானாக முளைத்து நின்ற மரத்தின் வருமானம் அப்படி இல்லை. உச்ச நீதிமன்றம் 1957இல் ராஜா பினய் குமார் வழக்கில் வகுத்த வேறுபாடு இது. தாத்தா தேக்கு நட்டதற்கு நாற்று வாங்கிய சீட்டு எங்காவது இருந்தால் எடுத்து வையுங்கள்.

பண்ருட்டி_பலா

அனுமதி விஷயத்தில் அந்த வியாபாரி சொல்வதை நம்ப வேண்டாம் தம்பி. வெட்டுவது ஒன்று, வண்டியில் ஏற்றி சாலையில் கொண்டுபோவது வேறொன்று. தேக்குக்கு வனத்துறையின் அனுமதிச் சீட்டு இல்லாமல் வண்டி பிடிபட்டால், ஓட்டுநர் முதலில் சொல்வது உங்கள் பெயரைத்தான். பட்டா, சிட்டா, அடங்கல் (நிலத்தில் என்ன நிற்கிறது என்று எழுதும் கிராமக் கணக்கு) நகலோடு கிராம நிர்வாக அலுவலரைப் பாருங்கள். மரங்கள் உங்கள் நிலத்தில்தான் நிற்கின்றன என்று சான்று வாங்கிக்கொண்டு வனச்சரக அலுவலகத்துக்கு நீங்களே நேரில் போங்கள். அடங்கலில் மரங்கள் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனால் ஒரு நடை மிச்சம். சந்தனம் ஒரு கன்று நின்றாலும் அதைத் தொடாதீர்கள், அதற்குத் தனி விதி.

வரப்பு மரம் என்கிறீர்கள். பக்கத்து நிலத்துக்காரர் "அடிமரம் என் பக்கம்" என்று சொல்லாமல் இருக்க வேண்டுமே. நில அளவைப் புலப்படத்தை வைத்து ஒரு தடவை அவரையும் கூட்டிக்கொண்டு நடந்துவிடுங்கள்.

பனையைப் பற்றி: 2021 ஆகஸ்டில் வைத்த முதல் வேளாண் பட்ஜெட்டிலேயே, பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி கட்டாயம் என்று அறிவித்துவிட்டார்கள். செங்கல் சூளைக்குப் பனை போய்க்கொண்டிருந்ததைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். அந்த ஏழையும் பேரத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.

யாழ்_காணி

பனை என்றதால் வந்தேன். இலங்கையில் எங்கள் பக்கம் இது புதிய விஷயம் இல்லை. 1951ஆம் ஆண்டிலிருந்தே மரம் தறிப்பதைக் கட்டுப்படுத்தும் சட்டம் இருக்கிறது. பலா, ஈரப்பலா, பெண் பனை மூன்றையும் சொந்தக் காணியில் நின்றாலும் அனுமதி எடுக்காமல் தறிக்க ஏலாது. மூன்றும் சாப்பாடு தருகிற மரம் என்பதை யோசித்துப் பாருங்கோ. கிராம சேவையாளரிடம் கடிதம் எடுத்து, பிரதேச செயலகத்துக்குப் போய், அவர்கள் வந்து பார்த்த பிறகுதான் வாள் வைக்கலாம். அலைச்சல்தான். ஆனால் போர்க் காலத்தில் பதுங்குகுழிக்கும் காவலரணுக்கும் எத்தனை பனை போனது என்று கண்ணால் கண்டவர்கள் நாங்கள். தலை இல்லாத பனை வரிசையாக நிற்கிற காணியை ஒருக்கால் பார்த்தால் அந்த அலைச்சல் பெரிதாகத் தெரியாது.

கூடலூர்_தேயிலை

சமவெளிக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். மலைப்பகுதியில் 1955ஆம் ஆண்டுச் சட்டப்படி சொந்த நிலத்து மரத்துக்கும் அரசு அமைத்த குழுவின் அனுமதி வேண்டும். அதற்கு மேல் எங்கள் கூடலூரில் ஜன்மி (ஜமீன் போன்ற பழைய நில உரிமையாளர்) நிலப் பிரச்சினை, 1969 சட்டத்திலிருந்து இழுபடுகிறது. 1996 டிசம்பர் 12 அன்று கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம், யார் பெயரில் இருந்தாலும் காடு காடுதான் என்று சொன்னது. அந்த வழக்கே எங்கள் ஊர் மரவெட்டிலிருந்து தொடங்கியதுதான். வீட்டு மேல் சாய்ந்து நிற்கும் ஒரு சில்வர் ஓக்குக்காக நான் மூன்று மழைக்காலம் காத்திருந்திருக்கிறேன். இருந்தாலும் அந்தத் தீர்ப்பு தவறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது வராமல் போயிருந்தால் இங்கே எது மிஞ்சியிருக்கும் என்று தெரியும்.

குருவிக்கூடு (திருச்சி)

அண்ணா, கோபித்துக்கொள்ள வேண்டாம். முப்பது வருடம் வளர்ந்த 14 மரத்தை ஒரு நாளில் சாய்ப்பதா? வேறு வழியே இல்லையா? வெட்டிவிட்டு நூறு கன்று நட்டாலும் அந்த நிழல் திரும்பி வர நீங்களும் கிழவராகிவிடுவீர்கள். புளியமரம் இன்னும் நூறு வருடம் நிற்கும். அதில் எத்தனை ஆந்தை, எத்தனை கிளி இருக்கும்?

பேராவூரணி_தென்னை

தங்கச்சி, உங்கள் மனசு புரிகிறது. ஆனால் தேக்கை அவர் தாத்தா வைத்ததே இப்படி ஒரு நாளுக்காகத்தான். எங்கள் பக்கம் பெண் பிறந்தால் வரப்பில் தேக்கு வைப்பார்கள், அது கல்யாணத்துக்கு. விவசாயிக்கு வங்கி வரப்பில்தான் நிற்கிறது. எடுக்கக் கூடாது என்று சொன்னால் அடுத்து யாரும் வைக்க மாட்டார்கள்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வந்தது. விடிந்து பார்த்தால் தோப்பு இருந்த இடத்தில் வானம் தெரிந்தது. என் தென்னை, தேக்கு எல்லாம் ஒரே திசையில் படுத்துக் கிடந்தன. ஊரெல்லாம் மரம் விழுந்து கிடக்கும்போது விலைக்கு யார் வாங்குவார்? தென்னங்கட்டையை அள்ளிக்கொண்டு போக நாம்தான் காசு கொடுக்க வேண்டியிருந்தது. முதிர்ந்த மரத்தை வேண்டிய நேரத்தில் விற்பது பாவம் இல்லை.

பண்ருட்டி_பலா

2011 டிசம்பர் 30 தானே புயலுக்குப் பிறகு எங்கள் ஊரிலும் அதேதான். அறுபது வருடப் பலாவை விறகு விலைக்குக் கேட்டார்கள். எங்கள் மாமனார் கொடுக்கவே இல்லை. கிளைகளைக் கழித்து, கட்டையை மேடையில் தூக்கி வைத்து, நிழல் போட்டு, நுனி இரண்டிலும் சாணி பூசி ஒரு வருடம் வைத்திருந்தார். பிறகு மெதுவாக விற்றார். அதில் அறுத்த கதவுதான் இன்றைக்கும் எங்கள் வீட்டு வாசலில் இருக்கிறது, மஞ்சள் மாறி இப்போது தேன் நிறத்தில். அவசரத்தில் நிற்பவனுக்கு ஒரு விலை, காத்திருப்பவனுக்கு ஒரு விலை.

ஆனால் குருவிக்கூடு சொல்வதில் ஒன்று சரி. தேக்கு வேறு, புளி வேறு. தேக்கை வெட்டினால்தான் பணம். புளி நின்றால்தான் பணம்.

மரவாடிக்காரர்

இதை நானே சொல்ல நினைத்தேன். அந்த வியாபாரி புளியை ஏன் பேரத்தில் சேர்த்தார் தெரியுமா? விறகு என்று சொல்லி எடுப்பார். கவைக்குக் கீழே இருக்கிற அடிமரத்தை வட்டம் வட்டமாக அறுத்தால் கறிக்கடைக் கட்டை. எவ்வளவு வெட்டினாலும் சிராய் எழும்பாது, அதற்குப் புளிதான் வேண்டும் என்று கடைக்காரர்கள் தேடி வருவார்கள். டன் கணக்கில் வாங்கி ஒவ்வொரு கட்டையாக விற்கிற பொருள் அது. மொத்த விலையில் இப்படி ஒன்று எப்போதும் ஒளிந்திருக்கும்.

செம்மண்பூமி

இரண்டு நாளாக அளந்தேன். தம்பி நோட்டில் எழுதினான். 14 தேக்கும் சேர்த்து கிட்டத்தட்ட 160 கன அடி வருகிறது. நாலாம் எண் மரம் ஒன்றில் மட்டும் பானைச் சத்தம்.

நேற்று பெரிய அத்தை வீட்டுக்குப் போனேன். நோட்டைக் காட்டினேன். கணக்கை அவர் பார்க்கவே இல்லை. "அண்ணன் வைத்தியத்துக்குத்தானே, தேக்கை எடுத்துக்கோ, எனக்குப் பங்கு வேண்டாம். புளியைத் தொட்டுவிடாதே. மாசி பங்குனியில் அந்தப் புளி வீட்டுக்கு வந்தால்தான் எனக்குப் பிறந்த வீடு இருக்கிறது என்று அர்த்தம்" என்றார். சின்ன அத்தையும் போனில் சரி என்றுவிட்டார். இருவரும் கையெழுத்துப் போட்டுத் தருகிறார்கள்.

ஒன்பது தேக்கு மட்டும் விற்றால் கடன் அடைந்துவிடும் என்று தோன்றுகிறது.

மரவாடிக்காரர்

நல்லது. பழைய வியாபாரியிடமும் வேறு இருவரிடமும் கன அடி விலை கேளுங்கள், மொத்த விலை கேட்காதீர்கள். பருமன் கூடக் கூட கன அடி விலையும் கூடும். ஆகவே மெல்லிய மரத்துக்கும் பருத்த மரத்துக்கும் ஒரே விலை என்றால் யோசியுங்கள். மெல்லிய ஐந்தையும் நிற்க விடுங்கள், பக்கத்து மரம் போனால் வெயில் கிடைத்து இனிமேல்தான் பெருக்கும்.

ஒப்பந்தத்தில் எந்த எண் மரங்கள், எத்தனை நாளுக்குள், ஒவ்வொரு வண்டியும் பணம் கொடுத்த பிறகே கிளம்பும், வரப்பு உடைந்தால் யார் கட்டுவது, ஆளுக்கு அடிபட்டால் யார் பொறுப்பு, இவ்வளவும் இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதை விட்டுவிடாதீர்கள். மெஷின் வாள் பிடிக்கிற பையன்களுக்குப் பெரும்பாலும் ஒரு காப்பீடும் கிடையாது. மின்கம்பி பக்கத்தில் ஓடினால் மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்து மின்சாரத்தை நிறுத்திய பிறகே கயிறு கட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்று: தரையோடு ஒட்டி வெட்டச் சொல்லுங்கள். ஆள் குனியச் சோம்பல்பட்டு இரண்டடி விட்டு வெட்டுவான். மரத்திலேயே பருமனான பகுதி அது. வெட்டிய பின் நிற்கும் தூர் மறுபடி தழைவதற்கும் தாழ வெட்டுவதுதான் நல்லது. வெட்டுவாய் ஒரு பக்கம் சரிவாக இருந்தால் தண்ணீர் தேங்காது.

குருவிக்கூடு

வெட்டுவதற்கு முன் ஒவ்வொரு மரத்திலும் கூடு இருக்கிறதா என்று ஒரு தடவை மேலே பார்த்துவிடுங்கள் அண்ணா. குஞ்சு இருந்தால் அந்த ஒன்றுக்கு மட்டும் கொஞ்ச நாள் பொறுங்கள். புளி தப்பித்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். அத்தைக்கு என் வணக்கம் சொல்லுங்கள்.

செம்மண்பூமி

ரொம்ப நாள் கழித்து வருகிறேன். மூன்று பேரிடம் விலை கேட்டேன். முதலில் வந்தவர் கன அடி என்றதும் கோபித்துக்கொண்டு போய்விட்டார். புதுக்கோட்டையிலிருந்து வந்தவர் நம் அளவையும் தன் அளவையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு ஒத்துக்கொண்டார். ஒன்பது மரம், 112 கன அடி, சராசரியாக ரூ. 1,600. மொத்தம் ரூ. 1,79,200. பொந்து மரத்தை முன்கூட்டியே சொன்னேன், அதை விட்டுவிட்டார், அது நிற்கிறது. வனச்சரக அலுவலகத்துக்கு மூன்று நடை ஆயிற்று. ஏழாம் எண் மரத்தில் கரிச்சான் கூடு இருந்தது, குருவிக்கூடு தங்கச்சிக்காக அதைக் கடைசி நாளுக்குத் தள்ளி வைத்தோம். அதற்குள் குஞ்சு பறந்துவிட்டது.

வெட்டுகிற அன்று அப்பா கட்டிலில் இருந்தபடி சத்தத்தைக் கேட்டு எண்ணிக்கொண்டிருந்தார். ஒன்பதாவது விழுந்ததும் "போதும், நிறுத்தச் சொல்" என்றார். நிறுத்திவிட்டோம் என்று சொன்னேன். இப்போது ஊன்றுகோலோடு வாசல் வரை நடக்கிறார்.

ஒரு கேள்வி ஐயா. சித்திரை மழைக்கு ஒன்பது தூரிலும் துளிர் வந்திருக்கிறது. ஒவ்வொன்றிலும் பத்துப் பன்னிரண்டு. என்ன செய்ய வேண்டும்?

மரவாடிக்காரர்

ஆடி வரை விடுங்கள். பிறகு ஒவ்வொரு தூரிலும் மண்ணை ஒட்டி முளைத்ததில் நேராகவும் திடமாகவும் இருக்கிற ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை ஒடித்துவிடுங்கள். மேலே வெட்டுவாயில் முளைத்ததை வைக்க வேண்டாம், காற்றில் பிய்ந்துவிடும். உங்கள் ஊரில் எந்தப் பக்கத்துக் காற்று பலமோ அந்தப் பக்கம் முளைத்ததாக இருந்தால் நல்லது. காற்று தள்ளும்போது தூரே தாங்கிக்கொள்ளும். ஆடு வாய் வைக்காமல் முள் போட்டு அடைத்துவிடுங்கள்.